விலை உயர்ந்த கடிகாரத்தில் எதை விரும்புகிறோம்?

கடிகாரக் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் சில நூறு ரூபாய் விலையுள்ள கைக்கடிகாரம் இருக்கிறது. மற்றொரு மூலையில் சில லட்சம் ரூபாய் பெறும் சுவிட்சர்லாந்துக் கடிகாரம். இவற்றுள் எது நேரத்தைத் துல்லியமாகக் காட்டும்? விலை உயர்ந்ததுதான் என்று பலர் சட்டென்று விடை கூறிவிடுவர். அது சாவி கொடுத்து ஓடும் வகையாக இருந்தால், உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது!

அப்படியானால் லட்சங்கள் எதற்காகக் கொடுக்கப்படுகின்றன? கடிகாரத்தின் உட்புறத்தைச் சற்றுப் பார்த்துவிட்டால் இதற்கு விடை கிடைக்கும். எந்த வகை தமக்கு ஏற்றது என்பதையும் ஒவ்வொருவரும் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நீங்கள் சாவி கொடுக்கும்போது, உள்ளே சிறு பீப்பாய் போன்ற உருளைக்குள் இருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. அது விரியும்போது பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. தடையில்லாமல் விட்டால் அது சில விநாடிகளில் முழுவதும் விரிந்து, முட்கள் பம்பரமாய்ச் சுற்றி நின்றுவிடும். அவ்வாறு நேராதபடி, பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விட்டுவிட்டு ஓடச் செய்வது சமன்சக்கரம். மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில் ஒன்று அதை இப்புறமும் அப்புறமும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் ஊசல் செய்யும் வேலை இது. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் சமன்சக்கரம் மணிக்கு 28,800 முறை, அதாவது விநாடிக்கு 8 முறை திரும்புகிறது. ஒரு நாளில் 6,91,200 முறை. ஓர் ஆண்டில் 25 கோடிக்கும் மேல்!

இந்த ஆட்டத்திற்குப் பகைகள் பல. வெப்பம் ஏறினால் சாதாரண எஃகுச் சுருளின் மீள்திறன் குறைந்து கடிகாரம் மெதுவாகும். இக்குறையைப் போக்க வழிகண்டவர் ஷார்ல் எடுவார் கியோம் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர். கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். வெப்பத்தால் ஏறக்குறைய மாறுதல் அடையாத நிக்கல்–எஃகுக் கலவைகளை அவர் கண்டுபிடித்தார். அதற்காக 1920-ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கடிகாரச் சுருளின் சிக்கல் நோபல் பரிசு வரை சென்றது என்றால் அது எத்தனை கடினமானது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் 1973-இல் அமைக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று இத்தகைய கடிகாரங்களை 15 நாள்கள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் ஓடவிட்டுப் பார்க்கிறது. சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்குவதும் 6 விநாடி முந்துவதும் அதன் எல்லைகள். இவற்றுக்குள் அடங்கியவற்றுக்கே ‘குரோனோமீட்டர்’ என்னும் சான்று உண்டு. ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் 5 விநாடி பிசகுவது 17,000-இல் ஒரு பங்கைவிடக் குறைவு. வெறும் பற்சக்கரமும் வில்லும் கொண்ட பொறிக்கு இது வியக்கத்தக்க தேர்ச்சிதான்.

ஆனால் குவார்ட்ஸ் கடிகாரமோ இதைச் சிரமமின்றி வென்றுவிடுகிறது. குவார்ட்ஸ் படிகத்தில் மின்சாரம் செலுத்தினால் அது மாறாத வேகத்தில் அதிரும். கைக்கடிகாரத்தில் அந்த அதிர்வு விநாடிக்கு 32,768. இந்த விந்தையான எண் ஏன்? இதைப் பாதியாக்குங்கள், மீண்டும் பாதியாக்குங்கள். பதினைந்து முறை அவ்வாறு செய்தால் மிஞ்சுவது சரியாக ஒன்று. மின்சுற்று இந்தக் கணக்கைப் போட்டு, விநாடிக்கு ஒரு துடிப்பை முள்ளுக்கு அனுப்புகிறது. மலிவான குவார்ட்ஸ் கடிகாரமும் மாதத்திற்கு ஏறத்தாழ 15 விநாடிக்குள்தான் தவறும்.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் டோக்கியோவில் ‘அஸ்ட்ரான்’ என்னும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அக்காலத்தில் ஒரு சிறிய காரின் விலை அது! துல்லியம் அன்று பணக்காரர்களின் பொருளாயிருந்தது. பின்னர் விலை மளமளவென்று இறங்கியது. 1970 அளவில் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 90,000 பேர் கடிகாரத் தொழிலில் இருந்தனர். 1980-களின் நடுவில் அத்தொகை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய பட்டறைகள் பல மூடப்பட்டன. ஆயினும் சாவிக் கடிகாரம் மறையவில்லை. துல்லியத்தை வேறிடத்தில் மலிவாகப் பெற்றுக்கொண்ட மக்கள், இதனிடம் வேறு எதையோ விரும்பினர்.

அந்த ‘வேறு எதையோ’ என்பதில் சில பகுதிகளைக் கண்ணாலேயே காணலாம். விநாடி முள்ளைக் கவனியுங்கள். குவார்ட்ஸில் அது பொதுவாக விநாடிக்கு ஒருமுறை தாவி நிற்கும்; மின்கலத்தைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு அது. சாவிக் கடிகாரத்தில் விநாடிக்கு எட்டுச் சிறு அடிகள் வைப்பதால் முள் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். இந்த ஒன்றுக்காகவே அதை விரும்புவோர் உண்டு.

இனி உங்கள் பழக்கத்தைப் பாருங்கள். தானே சாவி ஏறும் ‘ஆட்டோமாட்டிக்’ கடிகாரத்தில், கை அசையும்போது ஓர் எடைத்தகடு சுழன்று வில்லை இறுக்குகிறது. சுமார் 40 மணி நேரம் ஓடும் ஒன்றை வெள்ளி மாலை கழற்றி வைத்தால், திங்கள் காலையில் அது நின்றிருக்கும். நாளும் அணிவோர்க்கு இது குறையன்று. பல கடிகாரங்களை மாற்றி மாற்றி அணிவோர்க்கோ தொல்லை. அவர்களுக்கு நல்ல குவார்ட்ஸே மேல். ஆண்டுக்கே 10 விநாடி மட்டும் பிசகும் உயர்ந்த குவார்ட்ஸ் வகைகளும் உள்ளன. எடைத்தகடு இல்லாததால் கையால் சாவி கொடுப்பது மெல்லியதாக அமையும். காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பதையே ஓர் இன்பமாகக் கருதுவோருக்கு அது ஏற்றது.

கண்ணாடியிலும் விருப்பம் வேறுபடும். விலை உயர்ந்தவற்றில் இருப்பது பெரும்பாலும் செயற்கை நீலக்கல். நிறமற்ற அலுமினியம் ஆக்சைடு. கடினத்தன்மையில் வைரத்திற்கு 10 என்றால் இதற்கு 9. காற்றிலுள்ள மணல் துகளுக்கு 7 தான். எனவே தெருப்புழுதி இதைக் கீறாது. ஆனால் பலத்த அடியில் சிதறக்கூடும். பிளாஸ்டிக் கண்ணாடி எளிதில் கீறும், ஆனால் சிதறாது. கீறலைத் தேய்த்தும் போக்கலாம். 1969-இல் சந்திரனில் பஸ் ஆல்ட்ரின் அணிந்திருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் பிளாஸ்டிக் முகப்புக் கொண்டது. விண்கலத்துள் கண்ணாடித் துகள்கள் மிதப்பதை யார் விரும்புவார்? அந்த வகை இன்றும் இரண்டு முகப்புகளிலும் விற்கப்படுகிறது. எது சிறந்தது என்று அதன் ரசிகர்கள் ஓயாமல் வாதிடுகின்றனர்!

அதே அலுமினியம் ஆக்சைடில் சிறிது குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். பழைய எச்.எம்.டி. கடிகாரங்களின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருந்ததை வீட்டுப் பெரியவர்கள் பெருமையுடன் காட்டியிருப்பார்கள். அவை அச்சுகள் தேயாமல் சுழல உதவும் செயற்கை மாணிக்கங்கள். 1902-இல் வெர்னுயி என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட முறையால் இவை மலிந்துவிட்டன. கல்லின் எண்ணிக்கையைக் காட்டி விலையை உயர்த்திச் சொன்னால் நம்பவேண்டாம்.

‘தூர்பியோன்’ என்னும் அமைப்பையும் இவ்வாறே அளந்து பார்க்கவேண்டும். 1801-இல் பிரெகே என்பவர் பாரிசில் காப்புரிமை பெற்றது அது. சட்டைப்பைக் கடிகாரம் நாள் முழுதும் செங்குத்தாகவே நிற்பதால், புவியீர்ப்பு ஒரே பக்கமாகப் பிசகு உண்டாக்கும். சமன்சக்கரத்தையே ஒரு கூண்டில் வைத்து மெல்லச் சுழற்றி அப்பிசகை அவர் சமப்படுத்தினார். கை ஓயாமல் அசைவதால் கைக்கடிகாரத்திற்கு இதன் தேவை குறைவு. விலையோ மிக மிக அதிகம். அந்தக் கூண்டு சுழலும் அழகுக்காக வாங்கலாம், துல்லியத்திற்காக வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

உலோகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே முடிவு செய்யலாம். டைட்டானியம் எஃகின் பாதி எடைக்குச் சற்றே கூடுதல். 18 காரட் தங்கம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. கனம் இருந்தால்தான் மதிப்பு என்று எண்ணுவோர் டைட்டானியத்தில் ஏமாற்றமடைவர்.

வியர்வையும் மழையும் மிகுந்த நம் ஊரில் மற்றொன்றும் முக்கியம். முதுகில் ‘30 மீட்டர்’ என்று பொறித்திருந்தால், அதைக் கட்டிக்கொண்டு நீந்தலாம் என்று பொருளல்ல. அசையாத நீரின் அழுத்தத்தைக் குறிக்கும் சோதனை எண் அது. மழைத்துளிக்கும் கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் போதும், அவ்வளவே. உள்ளிருக்கும் ரப்பர் வளையமும் நாளடைவில் இறுகிவிடும். பற்சக்கரங்களுக்கு இட்ட எண்ணெயும் உலரும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடிகாரத்தை முழுதும் பிரித்துத் துடைத்து எண்ணெயிடவேண்டும். அந்தச் செலவில் ஒரு நல்ல குவார்ட்ஸ் கடிகாரமே புதிதாக வாங்கிவிடலாம். பணம் கொடுக்குமுன், அவ்வேலையை எந்த ஊரில் செய்வார்கள், எவ்வளவு ஆகும் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.