நமது பெயரில் நமது முகவரி

கடை வாடகைக் கட்டடத்தில் இருக்கலாம். பெயர்ப்பலகை நமதாக இருத்தல் வேண்டும். வணிக உலகில் எவரும் மறுக்காத இந்நெறியை இணையத்தில் மட்டும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

கூகுள் நிறுவனத்தின் பிளாகர் சேவையில் கட்டணமின்றி வலைப்பூ தொடங்கி, அதன் வழியே ஊறுகாய் விற்போரும் உளர். தையற்கலை கற்பிப்போரும் உளர். அவர்களது முகவரியின் இறுதியில் ‘பிளாக்ஸ்பாட்’ என்னும் பிறர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னாளில் வேறு சேவைக்கு மாற நேர்ந்தால் அந்த முகவரியை உடன் கொண்டுசெல்ல இயலாது. அச்சிட்ட அட்டைகளும், வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த பெயரும் பயனற்றுப் போகும். சொந்தமாக ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்து, அதனை வலைப்பூவுடன் இணைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வாகும்.

பெயரும் எண்ணும்

இணையக் கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்களோ பெயர்களையே நினைவில் வைக்கிறோம். கைப்பேசியில் பெயரைத் தொட்டதும் அதற்குரிய எண்ணுக்கு அழைப்புச் செல்வதைப்போல, முகவரிப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். ஆகும். பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் இதனை 1983-ல் வடிவமைத்தார். நம் நாட்டுக்குரிய ‘டாட் இன்’ பெயர்களை நிக்சி என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது. அப்பெயர்களை அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்கள் வழியே பெறலாம். முதல் ஆண்டுக்குத் தள்ளுபடி விலையை விளம்பரம் செய்வது வழக்கம். ஆதலால் புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்பதையே முதலில் பார்த்தல் நன்று.

இணைக்கும் முறை

பிளாகரின் அமைப்புகள் பக்கத்தில், தனிப்பயன் டொமைன் என்னும் பகுதியில் மூன்று டபிள்யூக்களுடன் தொடங்கும் நமது முகவரியை உள்ளிட வேண்டும். உடனே ஒரு பிழைச் செய்தி தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை. அச்செய்தியிலேயே ‘சி-நேம்’ எனப்படும் இரண்டு பதிவுகள் தரப்பட்டிருக்கும். முதலாவது, நமது பெயரைத் தேடி வருவோரைக் கூகுளின் கணினிக்கு வழிகாட்டுவது. இரண்டாவது, பெயர் நம்முடையதே என்பதற்கான சான்று. இஃது ஒவ்வொருவருக்கும் வேறுபடும்.

இவ்விரண்டையும் ஓர் எழுத்தும் பிசகாமல் படியெடுத்து, பதிவு நிறுவனத்தின் தளத்திலுள்ள டி.என்.எஸ். பக்கத்தில் சேர்க்க வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம். சில வேளைகளில் ஒரு நாளும் கடக்கலாம். அதன் பின்னர் பிளாகருக்குத் திரும்பிச் சேமித்தால் இணைப்பு நிறைவுறும். பாதுகாப்பான இணைப்புக்கான ஹெச்.டி.டி.பி.எஸ். வசதியையும் அங்கேயே இயக்கிவிடலாம். பழைய முகவரியைத் தேடி வருவோர் புதிய முகவரிக்குத் தாமாகவே அனுப்பப்படுவர்.

எவர் பெயரில்?

இங்குதான் பலர் இடறுகின்றனர். தளம் அமைத்துத் தருபவரிடமே முழுப் பொறுப்பையும் ஒப்படைக்க, அவர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் டொமைனைப் பதிவு செய்துவிடுகிறார். பணம் நம்முடையது, பதிவேட்டில் உரிமையாளர் அவர். பின்னாளில் அவர் தொடர்பு கிட்டாமற் போனால், நாம் பல்லாண்டு வளர்த்த பெயரை நாமே மீட்க இயலாமல் தவிப்போம். நிலத்தை நம் பணத்தில் வாங்கிப் பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுதுவோமா? கணக்கு, மின்னஞ்சல், கைப்பேசி எண், கட்டண ரசீது ஆகிய நான்கும் நம் பெயரில் இருத்தல் வேண்டும். அக்கணக்குக்கு இருநிலைச் சரிபார்ப்பு வைப்பதும் அவசியம்.

தவறவிடக் கூடாத தேதி

டொமைன் என்பது ஒருமுறை வாங்கும் பொருளன்று. உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டிய உரிமை. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனமே தனது பாஸ்போர்ட் சேவையின் டொமைனுக்கு 35 டாலர் கட்டத் தவறியது. ஹாட்மெயில் பயனாளர் பலர் தங்கள் மின்னஞ்சலைத் திறக்க இயலாமற் போயிற்று. வெளியாள் ஒருவர் தொகையைச் செலுத்திய பின்னரே நிலைமை சீரடைந்தது. ‘டாட் காம்’ பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆயினும் அப்போது கட்டணம் பன்மடங்காகும். அதுவும் கடந்தால் எவரும் அப்பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

தானியங்கிப் புதுப்பித்தலுக்கு அட்டையைப் பதிந்து வைத்திருப்போர் ஒன்றை நினைவிற் கொள்க. அட்டை காலாவதியாகிப் புதியது வந்ததும், அதன் விவரங்களைப் பதிவு நிறுவனத்திடம் புதுப்பித்தல் வேண்டும். ‘உங்கள் டொமைன் முடிகிறது, இந்த இணைப்பில் பணம் கட்டுக’ என வரும் போலி மின்னஞ்சல்களும் உண்டு. அவற்றைத் தொடாமல், பதிவு நிறுவனத்தின் தளத்தை நாமே திறந்து தேதியைச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

முகவரியின் மதிப்பை வங்கித் துறையும் உணர்ந்துள்ளது. போலித் தளங்களிடமிருந்து மக்களைக் காக்கும் பொருட்டு, இந்திய வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு மாறுமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. முகவரியைக் கொண்டே வங்கியை வாடிக்கையாளர் நம்புகின்றனர். நமது சிறுதொழிலுக்கும் அவ்விதியே பொருந்தும்.

வைப்புநிதி முதிர்வுத் தேதியைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பிலேயே டொமைன் புதுப்பிக்கும் தேதியையும் இன்றே குறித்து வைப்போம். நாம் ஈட்டிய நற்பெயர் நம்மிடமே நிலைக்கட்டும்.