ஓட்டு சொந்த ஊரில்... குடம் திருப்பூரில்!

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. தமிழகத்தின் 21 மாநகராட்சிகளுக்கும் ஒரே நாளில் மேயர்கள் வந்தார்கள். திருப்பூருக்கும் வந்தார் புது மேயர். ஐந்து வருடத்துக்கு மேல் மன்றமே இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்த ஊர். மாநகராட்சி வளாகத்தில் மாலையும் வாழ்த்துமாக இருந்த அந்த நேரத்தில், ராயபுரத்திலும் கொங்கு நகரிலும் 15 வேலம்பாளையத்திலும் ஓவர்லாக் மெஷின்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை என்றால் திருப்பூரில் அப்படித்தான். மறுநாள் சம்பளம். பீஸ் எண்ணிக்கை குறைந்தால் சனிக்கிழமை ராத்திரி கைக்கு வருவதும் குறையும். யாருக்கு மேயரின் உரையைக் கேட்க நேரம்?

புது மேயர் பேச்சைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால், கடைக்காரர் ஒன்று சொல்வார், கம்பெனி முதலாளி ஒன்று சொல்வார். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் வருகிற பதில் வேறு. “நமக்கென்னண்ணே, ஓட்டு ஊர்லதான இருக்கு” என்பார் தேனியிலிருந்து வந்து பத்து வருடமாக இங்கேயே பிழைக்கிறவர். ஒடிசாவிலிருந்து வந்த பையன் சிரித்துவிட்டு மெஷினைப் பார்ப்பான். கோபமோ வருத்தமோ அந்தப் பதிலில் இருக்காது. அதனால்தான் அதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மேயர் உரை இந்த ஊருக்குப் புதிதில்லை. 2008-ல் நகராட்சி மாநகராட்சியானபோது முதல் மேயர் வந்தார். 2011-ல் 15 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் சேர்ந்து 60 வார்டுகளாகின; மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் அந்த 60 வார்டு கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். யார் வந்தாலும், எந்தக் கட்சி வந்தாலும், மேயர் பேச வேண்டிய விஷயங்கள் ஊருக்கு மனப்பாடம். தண்ணீர், சாக்கடை, ரோடு, குப்பை, தெருவிளக்கு. மாநகராட்சியின் வேலை அதுதான், அதைப் பற்றிப் பேசுவதில் தப்பும் இல்லை.

2022-ல் ஊர் பேசிக்கொண்டிருந்ததோ நூல் விலையை. 2021 நவம்பரில் ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. 2022 மே மாதம் இரண்டு நாள் கம்பெனிகளை அடைத்துப் போராடும் அளவுக்கு அது போனது. நூல் விலையை மேயர் இறக்க முடியாது. ஆனால் நூல் விலை ஏறி, ஆர்டர் குறைந்து, வாரத்தில் நாலு நாள்தான் வேலை என்று ஆகும்போது வாடகை லைன் வீட்டில் இருக்கிறவர் முதலில் கைவைப்பது தண்ணீருக்கும் வாடகைக்கும் கொடுக்கிற காசில்தான். அங்கேதான் மேயரின் வேலை தொடங்குகிறது.

லாரி போக ரோடு சரியாக இருந்தால், கன்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பினால், ஊர் தானாக முன்னேறும் என்கிறார்கள் தொழில் நடத்துகிறவர்கள். சொத்து வரி கட்டுகிறவனுக்குத்தானே முதல் உரிமை என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் லைன் வீட்டில் இருக்கிறவருக்கு இரண்டிலும் இடம் இல்லை.

தண்ணி வரும் நேரம், ஆள் இல்லா நேரம்

திருப்பூரின் லைன் வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான ஒரு காம்பவுண்டு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். கதவுக்குப் பின்னால் ஒரு அறை, கூடவே ஒட்டிய ஒரு சமையல் மூலை. கடைசியில் பொதுவான குளியலறை, கக்கூஸ். நடுவில் ஒரு தொட்டி. மாநகராட்சிக் குழாய் இணைப்பு ஒன்றே ஒன்று, வீட்டுக்காரர் பெயரில். அந்த ஒரு குழாயை நம்பிப் பத்துக் குடும்பமும் இருக்கும், பதினைந்து குடும்பமும் இருக்கும்.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதில்லை. வால்வைத் திறந்து திறந்து, பகுதி பகுதியாக, முறை வைத்து விடுகிறார்கள். இத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கணக்கு. உங்கள் தெருவின் முறை காலை பதினொரு மணிக்கு வரலாம், மதியம் மூன்று மணிக்கும் வரலாம். பனியன் கம்பெனிக்காரர் காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது இரவு எட்டரை, ஒன்பது. கணவனும் மனைவியும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிற வீடுகள்தான் இங்கே அதிகம். ஆக, தண்ணீர் வரும்போது வீட்டில் ஆள் இல்லை. ஆள் வரும்போது தண்ணீர் இல்லை.

பிறகென்ன? வேலைக்குப் போகாத பாட்டி இருக்கிற வீடு பிழைத்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு குடத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். இல்லையென்றால் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒருத்தர் வீட்டில் நிற்க வேண்டும். அரை நாள் சம்பளம் போச்சு. நாலு குடம் தண்ணீரின் விலை அதுதான். அதுவும் முடியாதவர்கள் வண்டித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு மாதத்தில் இதற்குப் போகும் காசை வீட்டுக்காரர் கட்டும் தண்ணீர் வரியோடு வைத்துப் பாருங்கள். வரி கட்டாதவர் என்று நாம் நினைக்கிறவர்தான் தண்ணீருக்கு அதிக விலை கொடுக்கிறார்.

கிணறு இருந்தும்...

கிணறு, போர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அதில் வருவது உப்புத் தண்ணீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். பருப்பு வேகாது.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று திருப்பூரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பனியனுக்கு நிறம் ஏற்றிய சாயத்தண்ணீர் பல வருடம் ஓடைகளிலும் நொய்யலிலும் ஓடி மண்ணுக்குள் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாகிப்போனது. 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை விவகாரம் முற்றியது. பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் வந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதற்காகத் தொழில் துறையினர் கொடுத்த விலை பெரியது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு அங்கேயே இருக்கிறது. அதன் மேல்தான் லைன் வீடுகள் நிற்கின்றன.

ஆற்றுத் தண்ணீரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. 2005-ல் பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த மூன்றாவது திட்டத்தை, தனியார் பங்கேற்புக்கு முன்மாதிரி என்று நாடே பேசியது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஒரு நாளைக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர். அதைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். ஆலைகளுக்கு 12 கோடியே 50 லட்சம் லிட்டர். வழியோரக் கிராமங்களுக்கு மூன்றரைக் கோடி. திருப்பூர் நகருக்கு இரண்டரைக் கோடி லிட்டர். ஆலைகள் அதிக விலை கொடுக்கும், அந்தப் பணத்தில் மக்களுக்குக் குறைந்த விலையில் தண்ணீர் தரலாம் என்பது கணக்கு. கணக்குச் சரிதான். ஆலைக்குத் தண்ணீர் போனது, ஆலை வளர்ந்தது, ஆலைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்த ஆட்களுக்கான தண்ணீர் பழைய திட்டங்களின் தண்ணீரோடு அந்த இரண்டரைக் கோடிக்குள்ளேயே அடங்க வேண்டியதாயிற்று. நான்காவது குடிநீர்த் திட்டம் 2024-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

தலைக்கணக்கில் விட்டுப்போனவர்கள்

இங்கேதான் மேயர் உரையும் தேனிக்காரரின் பதிலும் ஒன்றையொன்று தொடுகின்றன. குடிநீர்த் திட்டத்துக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருப்பூரின் பழைய எல்லைக்குள் 4.44 லட்சம் பேர். விரிந்த எல்லையையும் சேர்த்தால் 8.77 லட்சம். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. பதினைந்து வருடத்தில் இந்த ஊருக்கு எத்தனை ரயில் வந்தது, எத்தனை பேர் இறங்கினார்கள்? அவர்களுக்கெல்லாம் 2011-ன் கணக்கில் இடமே கிடையாது. அரசு நிதியைப் பங்கிடும்போதும் பெரிதாகப் பார்க்கப்படுவது மக்கள்தொகைதான். கணக்கில் இல்லாத ஆளுக்குத் தண்ணீரும் இல்லை, நிதியும் இல்லை.

அடுத்தது ஓட்டு. மாநகராட்சித் தேர்தல் நடந்த 2022 பிப்ரவரி 19 ஒரு சனிக்கிழமை, இந்த ஊரின் சம்பள நாள். வார்டில் ஓட்டு இருந்தவர்கள் போட்டார்கள். வார்டில் வாழ்ந்தும் ஓட்டு இல்லாதவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு தெருவில் முப்பது லைன் வீட்டுக் கதவுகளும் நாலு சொந்த வீடுகளும் இருந்தால், கவுன்சிலர் வாசலில் நின்று கும்பிட்டது பெரும்பாலும் அந்த நாலு வீட்டில்தான். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஓட்டு இருக்கிற இடத்துக்குத்தான் யாரும் போவார்கள். அந்தக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயரின் காதுக்கு லைன் வீட்டுக் குடத்தின் சத்தம் எந்த வழியாகப் போய்ச் சேரும்?

சொந்த ஊரில் ஓட்டு இருக்கிறதே என்ற ஆறுதலும் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், இடம் பெயர்ந்தவர் என்ற குறிப்போடு மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பெயர்கள் வரைவுப் பட்டியலிலிருந்து போயின. ஊரில் பெயர் போய், இங்கேயும் பெயர் ஏறாவிட்டால் அந்த ஆள் எந்த ஊரின் குடிமகன்?

பிழைக்க வந்தவர்களை இந்த ஊர் நினைத்துப் பார்த்த நாட்கள் இல்லாமல் இல்லை. 2011 நவம்பர் மழையில் ஓடைகள் கரையை மீறியபோது, கரையோரக் குடிசைகளில் இருந்தவர்கள் வெள்ளத்தோடு போனார்கள். 2020-ல் ஊரடங்கின்போது ரயில் ஏறிப் போனார்கள், மெஷினுக்கு ஆள் இல்லாமல் கம்பெனிகள் திகைத்தன. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகப் போய் தைரியம் சொன்னார்கள், முதலாளிகள் கூடவே நின்றார்கள். ஆபத்து வந்தால் அவர்கள் நம்மவர்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளிலும் அவர்கள் நம்மவர்களாக இருக்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

கோடிகளில் திட்டம் கேட்கவில்லை. லைன் வீடுகள் நிறைந்த தெருக்களுக்கு, இரவு ஒன்பது மணிக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ தண்ணீர் முறை வைக்கலாம். வால்வு திறக்கும் நேரத்தை முந்தின நாளே அந்தத் தெருவுக்குத் தெரியப்படுத்தலாம். 2022 நவம்பர் 1 முதல் தமிழகத்தில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால், அங்கே குடியிருக்கிற எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டால், எந்தத் தெருவில் எத்தனை குடம் காலியாக இருக்கிறது என்று மன்றத்துக்குத் தெரிந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களை வார்டு வாரியாக எண்ணி எழுதி வைக்கலாம். அடுத்த கணக்கெடுப்பு வரும்போது இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைக்கு இருப்பவர் விலாசச் சான்றுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டால் தயங்காமல் போடுங்கள். அதனால் உங்கள் வீடு உங்கள் கையை விட்டுப் போகாது.

ஓட்டு ஊரில் இருக்கிறது என்று சொல்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறோமோ அங்கே வாக்காளராகச் சேர சட்டம் இடம் கொடுக்கிறது. சொந்த வீடு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விலாசம் மாற்ற படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலும் இந்தப் பெயர்களை வைத்துத்தான் தயாராகிறது. குலதெய்வமும் காணி நிலமும் ஊரிலேயே இருக்கட்டும், யாரும் பிடுங்கப்போவதில்லை. பிள்ளை படிப்பது இங்கே, உழைப்பது இங்கே, குடம் வைத்துக் காத்திருப்பதும் இங்கே என்றால் ஓட்டும் இங்கே இருக்கட்டும்.

2022-ல் அமைந்த மன்றத்தின் ஆயுள் ஐந்து வருடம். இன்னொரு மேயர் வருவார், இன்னொரு உரை பேசுவார். அந்த நாளுக்குள் உங்கள் பெயர் இந்த ஊர்ப் பட்டியலில் ஏறட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் படிவத்தை வாங்குங்கள்.