விழுவதென்றால் திரையில் விழட்டும்

கல்லடிப் பாலம் தாண்டி கல்முனைப் பக்கம் போகும் வீதியில் கராஜ்களைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். நிலத்தில் குழி வெட்டி, அதற்குள் இறங்கி நின்று வேலை செய்த இடங்களில் இப்போது இரண்டு தூண் ஹொயிஸ்ட் நிற்கிறது. முதுகு தப்பியது, வேலையும் விரைவானது. ஆனால் தலைக்கு மேலே இரண்டு தொன் வாகனம் நிற்கிறது என்ற பயம், பழகப் பழகப் போய்விடுகிறது.

மோட்டார் வாகனத் தொழில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் போதனாசிரியன். ஹொயிஸ்ட்டைச் சோதிக்கும் பாடத்தை முதலில் கணினியில்தான் தொடங்குகிறேன். காரணம் இதுதான்: கேபிள் பிய்ந்த ஹொயிஸ்ட்டைக் காட்டி, "தூக்கிப் பார் மனே" என்று எந்தப் பொடியனிடமும் சொல்ல முடியாது. நல்லதை மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கோ கெட்டது கண்ணில் படாது. விமானிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், ஓர்கன் வாத்தியங்களின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு நிலத்திலேயே ஆடும் விமானப் பயிற்சிப் பெட்டியை 1929இல் செய்தார். எங்கள் திரையில் உள்ளதும் அந்த வழிவந்ததுதான்.

ஹொயிஸ்ட் எப்படி நிற்கிறது என்பது முதலில் விளங்க வேண்டும். மோட்டார் ஓடும்போது பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. தூணுக்குள் இருக்கும் தூக்கி மேலே ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக ஏறும்படி உருக்குக் கேபிள்கள் பார்த்துக்கொள்கின்றன. ஏறும் வழியில் "டக், டக்" என்று கேட்பது பூட்டு விழும் சத்தம். வேண்டிய உயரம் வந்ததும் சற்றே இறக்கி, இரு தூணிலும் பாரத்தைப் பூட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வாகனத்தைத் தாங்குவது எண்ணெய் அல்ல, இரும்பு. பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

மெய்நிகர் கராஜில் மாணவன் மௌஸைப் பிடித்துக்கொண்டு ஹொயிஸ்ட்டைச் சுற்றி வருவான். எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று எழுதிய தகடு இருக்கிறதா? நிலத்தோடு பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா, அதைச் சுற்றிக் கொங்கிரீட் வெடித்திருக்கிறதா? குழாயில் எண்ணெய் கசிகிறதா? கேபிளில் இழை அறுந்திருக்கிறதா? நான்கு கைகளின் றப்பர் தாங்கிகளும் இருக்கின்றனவா, பாரம் ஏறியதும் கைகள் விலகாமல் பூட்டுகின்றனவா? இவற்றில் சிலவற்றை நான் முன்கூட்டியே கெடுத்து வைத்திருப்பேன். காணாமல் விட்டுப் பொத்தானை அழுத்தினால் வான் சரிந்து விழும். எதைத் தவறவிட்டான் என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். இடையிடையே குறை ஒன்றும் இல்லாத ஹொயிஸ்ட்டையும் கொடுப்பேன். இல்லாவிட்டால் பார்க்காமலே பிழை சொல்லப் பழகிவிடுவார்கள்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். "சேர், கரண்ட் போனா வாகனம் விழுந்திருமா?" என்று இன்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். விழாது. எண்ணெய் திரும்பி ஓடாமல் வால்வு தடுக்கும், பூட்டும் பிடித்திருக்கும். ஆனால் பூட்டை விடுவிக்க வாகனத்தைச் சற்று மேலே உயர்த்த வேண்டும். அதற்கு மின்சாரம் தேவை. அவசரப்பட்டுப் பூட்டைத் தட்டிக் கழற்றப் போனால்தான் ஆபத்து. திரையில் கரண்டை நிறுத்திவிட்டு மாணவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவனுக்கே புள்ளி.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு பாடமும் இருக்கிறது. எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கேபிளும் போல்ட்டும் மட்டுமல்ல, வாகனத்தின் அடிப்பாகமும் துருப்பிடிக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதுவரை பழைய வாகனங்களே ஓடின, இன்னும் ஓடுகின்றன. தாங்கி வைக்க வேண்டிய விளிம்பு உக்கிப்போயிருந்தால், ஹொயிஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. திரையிலுள்ள வாகனங்கள் புத்தம் புதியவை என்பதால் இந்தத் துருவை வெளியே போய்க் காட்டத்தான் வேண்டும்.

திரையால் முடியாதவை இன்னும் உண்டு. போல்ட் இறுகியிருப்பதைக் கைதான் சொல்ல வேண்டும். இரண்டு பூட்டும் ஒன்றாக விழுகின்றனவா என்பதைக் காது பிடிக்க வேண்டும். சக்கரம் நிலத்தை விட்டுச் சற்று எழும்பியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து ஆட்டிப் பார்க்கும் பழக்கம் உண்மையான வானில்தான் வரும். ஆகவே திரையில் தேறியவனும் ஹொயிஸ்ட்டைத் தொடுவது என் கண் முன்னால்தான். கண் பழகுவதற்குத் திரை, கை பழகுவதற்குக் கராஜ். ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

அமெரிக்காவில் ஒட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட்டின் தரவிதிப்படி, தகுதியுள்ள பரிசோதகர் வருடத்துக்கு ஒரு முறையாவது ஹொயிஸ்ட்டைச் சோதிக்க வேண்டும். நாளாந்தச் சோதனை அதில் வேலை செய்பவரின் பொறுப்பு. அதற்கு ஒரு கொப்பியும் சில நிமிடங்களும் போதும். கராஜ் முதலாளிமார் இன்றே தொடங்கலாம்.

வாகனச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு சொல். அரிசி மூட்டையை இறக்கிவிட்டே வாகனத்தைக் கொடுங்கள். தூக்கும்போது உள்ளே யாரும் இருக்க வேண்டாம். இந்த ஹொயிஸ்ட்டைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார் என்று பாஸிடம் கேளுங்கள். பதில் வராத இடத்தில் வாகனத்தை மேலே ஏற்ற விடாதீர்கள். அதன் கீழே நிற்கப்போவது யாரோ ஒருவருடைய பிள்ளை.