கொலுசு போட்டோவுக்கு ஃப்ளாஷ் வாங்கலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

சம்பளத்தோட சேர்த்து சின்னதா ஒரு சைடு பிசினஸ் பண்ணணும்னு நினைக்கிற சேலத்துக்காரங்களுக்கு முதல்ல தோணுறது வெள்ளிக் கொலுசுதான். செவ்வாய்பேட்டை, சிவதாபுரம், பனங்காடுன்னு பட்டறைகள் பக்கத்துலயே இருக்கு. ஆனா ஆன்லைன்ல வாங்குறவங்க கொலுசைக் கையில எடுத்துப் பார்க்க முடியாது. போட்டோதான் உங்க கடை. அதனாலயே முதல் விற்பனைக்கு முன்னாடி ஃப்ளாஷ், சாஃப்ட்பாக்ஸ், லைட் டென்ட்னு பலர் இ.எம்.ஐ.ல இறங்கிடுறாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, எது உண்மையிலேயே தேவைன்னு பார்த்துடலாம்.

வெள்ளி ஒரு கண்ணாடி

பாலிஷ் போட்ட வெள்ளி, சுத்தி இருக்கிறதை அப்படியே திருப்பிக் காட்டும். கேமரா மேலயே ஃப்ளாஷை வச்சு நேரா அடிச்சா, ஒவ்வொரு மணியிலயும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். மத்த இடமெல்லாம் கறுப்பாத் தெரியும். வேலைப்பாடு காணாமப் போயிடும்.

தீர்வு இதுதான்: ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழட்டி, வயர்லெஸ் டிரிகர் மூலமா பக்கவாட்டுல வைங்க. கொலுசுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவுல ஒரு பட்டர் பேப்பர். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல். இப்போ வெள்ளி காட்டுறது ஃப்ளாஷை இல்ல, வெளிச்சம் நிறைஞ்ச அந்தப் பேப்பரை. ஓரங்கள் எடுப்பாத் தெரியலைன்னா, கறுப்பு சார்ட்டை ஒல்லியா வெட்டிப் பக்கத்துல நிறுத்துங்க.

பத்துக்குப் பத்து ரூம் போதும்

வெளிச்சம் மென்மையா இருக்கணும்னா, பொருளோட ஒப்பிடும்போது அது வர்ற பரப்பு பெருசா இருக்கணும். ஒரு அடி தூரத்துல இருக்கிற ஏ3 பட்டர் பேப்பர், ஒரு கொலுசுக்கு மிகப் பெரிய லைட். சின்ன ரூம்ல சிக்கலே சுவர்தான். பச்சை, ரோஸ் பெயின்ட் அடிச்ச சுவர்ல பட்டுத் திரும்புற வெளிச்சம் வெள்ளியிலயும் அந்த நிறத்தைக் கொண்டுவரும். சுவரை வெள்ளை பெட்ஷீட்டால மூடிடுங்க.

ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/160, அபெர்ச்சர் எஃப் 11 வச்சு, ஃப்ளாஷ் இல்லாம ஒரு படம் எடுங்க. அது முழுக் கறுப்பா வந்தா, டியூப் லைட் படத்துக்குள்ள வரலைன்னு அர்த்தம். அப்புறம் ஃப்ளாஷை 1/16 பவர்ல ஆரம்பிச்சு ஏத்தி இறக்குங்க. ஒயிட் பேலன்ஸை ஃப்ளாஷ்ல வைங்க. மஞ்சள் தட்டினா வெள்ளி பித்தளை மாதிரி தெரியும். போட்டோவும் பொருளும் வேற மாதிரி இருந்தா பார்சல் திரும்பி வரும். கூரியர் செலவு உங்க லாபத்துலதான் போகும்.

ஒரு எச்சரிக்கை: உங்ககிட்ட மொபைல் மட்டும்தான் இருக்குன்னா, ஃப்ளாஷ் வாங்காதீங்க. கேமராவுக்கான சாதாரண ஃப்ளாஷ் மொபைலோட ஒத்து வேலை செய்யாது. தொடர்ந்து எரியுற எல்.இ.டி. லைட்டும் இதே பட்டர் பேப்பரும் போதும்.

இப்போ கணக்கு

கேமரா ஏற்கெனவே இருக்கு, ஃப்ளாஷ், டிரிகர், ஸ்டாண்ட் சேர்த்து ₹12,000 ஆகுதுன்னு வச்சுக்குவோம். வெளியில ஒரு பொருளுக்கு ₹100 கொடுத்து எடுக்க முடிஞ்சா, 120 பொருள் எடுத்த பிறகுதான் உங்க முதலீடு திரும்பும். கையில 30 டிசைன்தான் இருக்குன்னா, வெளியில கொடுத்தா ₹3,000தான். மாசம் 20 புது டிசைன் வந்தா, ஆறே மாசத்துல போட்ட காசு வந்துடும்; அப்போ வாங்கலாம்.

"நோ காஸ்ட்" இ.எம்.ஐ.யும் முழுசா இலவசம் இல்ல. வட்டிக்குச் சமமா தள்ளுபடி கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க கார்டுல ஏறும். புராசஸிங் கட்டணமும் இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, "பிசினஸ் செலவுதானே, டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு நினைச்சு வாங்காதீங்க. விற்பனையில குறிப்பிட்ட சதவீதத்தை லாபமா காட்டுற ப்ரிசம்ப்டிவ் முறையில போனா, ஃப்ளாஷோட தேய்மானத்தைத் தனியா கழிக்க முடியாது. அது அந்தச் சதவீதக் கணக்குக்குள்ளேயே அடங்கிடும்.

அதனால முதல் பத்து டிசைனை ஜன்னல் ஓரம், பட்டர் பேப்பர், தெர்மாகோல் வச்சு எடுங்க. செலவு நூறு, இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு வந்து எடுக்க வேண்டிய அளவுக்கு ஆர்டர் வரட்டும். ஜன்னல் வெளிச்சம் கிடைக்காத அந்த நேரத்துலதான் ஃப்ளாஷ் தன் விலைக்கு உழைக்கும்.