கொயினாவும் வினையூக்கியும்

'ஆல்கலாய்டு' என்னும் சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது. செடியை எரித்த சாம்பலைக் குறித்த 'அல்கலீ' என்பதிலிருந்து 'ஆல்கலி', அதாவது காரம், பிறந்தது. காரத்தை ஒத்த இயல்பும் நைட்ரஜன் அணுவும் உடைய தாவரப் பொருள்கள் ஆல்கலாய்டுகள் எனப்பட்டன. தேயிலையின் காஃபீன், அபினியின் மார்ஃபீன் ஆகியன இவ்வினத்தவை. நம் முன்னோர் மலைக்காய்ச்சலுக்கு உண்ட 'கொயினா'வாகிய குவினைனும் இவ்வினமே. சிஞ்சோனா மரப்பட்டையினின்று 1820இல் பெல்லெட்டியே, கவாந்தூ என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைப் பிரித்தெடுத்தனர்.

மரத்தை எதிர்பாராமல் இதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்க இயலுமா? 1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானதும் நேசநாடுகளுக்குப் பட்டை கிடைப்பது அரிதாயிற்று. வினாவும் உயிர்ப்பிரச்சினை ஆயிற்று. 1944இல் அமெரிக்காவில் உட்வர்டும் டோரிங்கும் குவினோடாக்சின் என்னும் முன்னிலைப் பொருளை ஆக்கினர். அதிலிருந்து குவினைனை அடையும் வழியை 1918இலேயே ராபெ, கிண்ட்லர் என்னும் ஜெர்மானியர் அறிவித்திருந்தனர். ஆயினும் அவ்வழி கலவையையே தந்தது.

காரணம் எளிது. இடக்கால் செருப்பு வலக்காலுக்குப் பொருந்துவதில்லை. மூலக்கூறுகளிலும் இத்தகைய இட வல வேறுபாடு உண்டு. குவினைனில் நான்கு கார்பன் அணுக்கள் ஒவ்வொன்றும் இருவகையாய் அமையக்கூடும். ஆகப் பதினாறு வடிவங்கள். அவற்றுள் ஒன்றே குவினைன். இரண்டு அணுக்களின் அமைப்பு மாறினால் அது குவினிடின் ஆகிவிடும். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீர்செய்யப் பயன்பட்ட வேறு மருந்து அது! திசையைத் தேர்ந்தெடுக்க இயலாத வேதியியல், மருந்தாக்கத்தில் பாதி வழியே செல்லும்.

இங்குதான் வினையூக்கி வருகிறது. தான் செலவழியாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள் என்று பாடநூல்கள் கூறும். அழகிய கலைச்சொல்தான், எனினும் 'ஊக்கி' என்பது விரைவை மட்டுமே சுட்டுகிறது. இட வல அமைப்புடைய வினையூக்கி ஊக்குவதோடு நில்லாது, செல்திசையையும் காட்டுகிறது. அச்சு எவ்வாறோ அவ்வாறே வார்ப்பும்.

2004இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜேக்கப்சன் குழுவினர் இம்முறையில் குவினைனை ஆக்கினர். முதலில் அலுமினியம் சேர்ந்த வினையூக்கி ஒன்று தொடக்க அணுவின் திசையை நிறுவியது. பின்னர், குவினைனையும் குவினிடினையும் வேறுபடுத்தும் அவ்விரு அணுக்களின் திசையை ஆஸ்மியம் வினையூக்கி நிறுவியது. அந்த ஆஸ்மியத்துக்குத் திசை காட்டிய துணைப்பொருள் எது தெரியுமா? சிஞ்சோனா ஆல்கலாய்டு ஒன்றின் வழிப்பொருளே! அதனை மாற்றியமைத்து அவர்கள் குவினிடினையும் பெற்றனர். மரத்தை விட்டு விலக முயன்றவர்க்கு மரமே கைகொடுத்தது.

இது முற்றிலும் புதுமையன்று. குவினைனையே வினையூக்கியாக்கலாம் என்பதை 1912இலேயே பிரெடிக், ஃபிஸ்கெ ஆகியோர் காட்டியிருந்தனர். உலோகமின்றிச் சிறு கரிம மூலக்கூறுகளே திசைகாட்டும் இத்துறைக்காக லிஸ்ட், மேக்மில்லன் இருவரும் 2021இல் நோபல் பரிசு பெற்றனர்.

இத்தனைக்கும் பின்னர், விற்பனைக்கு வரும் குவினைன் இன்றும் மரப்பட்டையிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆய்வுக்கூட வழி நெடியது, செலவும் மிகுதி. அவ்வழியில் கற்ற திசைகாட்டும் கலையோ பிற மருந்துகளின் ஆக்கத்துக்குப் பயன்பட்டு வருகிறது.