தறிக்காரர் மகனுக்குப் பேரவை எதற்கு?

பிள்ளையைப் படிக்கத்தான் அனுப்பினோம், மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்க அல்ல என்று சொல்லும் பெற்றோர் காஞ்சியிலே உண்டு. அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. பக்கத்திலிருந்து தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை ஒரு காலத்தில் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளையின் கை! அதைத் தறியிலிருந்து விடுவித்துக் கல்லூரிக்கு அனுப்பியவருக்கு, அங்கே அடிதடி, போலீசு, வழக்கு என்றால் வயிறு கலங்காதா?

கலங்கும். ஆனால் தோழர்களே, ஒன்று கேட்கிறோம். உதவித்தொகை வந்து சேரவில்லை, விடுதிச் சோறு வாயில் வைக்க முடியவில்லை, பேருந்து தவறி முதல் வகுப்பு போகிறது என்றால், பையன் யாரிடம் சொல்வான்? குடும்பத்திலேயே முதன்முதல் கல்லூரிப் படி ஏறியவன். முதல்வர் அறைக்குள் தனியே நுழைய அவனுக்குக் கால் எழாது. கூலி உயர்வு கேட்க நீங்கள் மட்டும் தனித்தனியாகவா போனீர்கள்?

பேரவை இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம். மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியரே ஆளைக் குறித்துவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அப்படி வந்தவன் நல்ல பிள்ளையாகவே இருப்பான். ஆனால் யாருக்குக் கணக்குச் சொல்வான்? குறித்தவருக்குத்தானே!

பதினெட்டு வயதில் வாக்குரிமை 1989 முதல் நடப்பில் இருக்கிறது. 2021-இல் காஞ்சி மாநகராட்சி ஆயிற்று. 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்துக்கு நிற்க 21 வயது போதும். நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பத் தகுதி உண்டாம், மாநகராட்சியில் அமரவும் தகுதி உண்டாம், தன் வகுப்புக்கு ஒருவனைத் தேர்ந்தெடுக்க மட்டும் தகுதியில்லையாம்! விந்தை, விந்தை!

இது நம் கற்பனைக் குறை அல்ல. கேரளத்திலிருந்து போன வழக்கிலே உச்சநீதிமன்றம் சொல்லி அமைந்தது லிங்டோ குழு. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் தலைமையில் 2006 மே மாதம் அறிக்கை வந்தது. செப்டம்பரில் அதை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. நியமனம் தற்காலிக ஏற்பாடே, ஐந்தாண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாறவேண்டும் என்றது அறிக்கை. ஆண்டுகள் எத்தனை ஓடிவிட்டன!

பெற்றோர் அஞ்சும் குழப்பத்துக்கும் அதிலேயே கடிவாளம் இருக்கிறது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே கூடும். வருகைப் பதிவு வேண்டும். அந்த ஆண்டில் பாடம் எதுவும் நிலுவை இருத்தல் ஆகாது. படிக்காதவன் நிற்கவே முடியாது!

நம் இயக்கத் தோழர்களுக்குக் கசப்பான செய்தியும் உண்டு. கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எவரும் அத்தேர்தலில் கலந்துகொள்ளக் கூடாது என்கிறது அறிக்கை. வட்டச் செயலாளர் காரும், நகரத்தின் கொடியும் வாயிலுக்கு வெளியே நிற்கட்டும். வருத்தம் வேண்டாம். நம் பிள்ளைக்குப் பேசத் தெரியும். நாம் போய்ப் பேசினால்தான் காரியம் கெடும்.

கல்லூரி திறந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் நடக்கவேண்டும் என்பதும் அந்த அறிக்கையே. ஆகவே மாணவர்கள் சேர்ந்து கையொப்பமிட்டு முதல்வரிடம் தரவேண்டிய விண்ணப்பத்துக்கு ஒரே வரி போதும்: இவ்வாண்டுத் தேர்தல் எந்தத் தேதியில்?