தொட்டிக்குள் வெளுத்த முருகை

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒரு ஒழுங்கையில் அந்த மாடி வீடு இருக்கிறது. வரவேற்பறையில் நாலடி நீளமான கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல்மீன்களும் முருகைகளும் வளர்கின்றன. அந்த வீட்டில் ஆறு வருடங்களாகச் சமையலும் துப்புரவு வேலையும் செய்துவருபவர் நிலாவெளிக் கரையோரத்தைச் சேர்ந்த ஒரு தாய். யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் கொழும்புக்கு வந்தவர். எமது சந்திப்புகளுக்குத் தவறாமல் வரும் அவர் ஒருநாள் கண்கலங்கிய முகத்துடன் வந்தார்.

"மிஸ், தொட்டிக்குள்ள இருக்கிற முருகையெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போச்சுது. எல்லாம் பெரிய விலையாம். என்ர சம்பளத்தில கழிக்கப்போயினமாம். தண்ணி குறைஞ்சால் ஊத்தச் சொன்னவை, நான் ஊத்தினன். வேற ஒண்டும் செய்யேல்லை."

அவருடைய ஒரு மாதச் சம்பளம் என்பது பிள்ளைகளின் ரியூஷன் காசு, அறை வாடகை, அரிசி எல்லாம் சேர்ந்தது. எனவே தொட்டிக்குள் என்ன நடந்தது என்பதைக் கண்டறிய வேண்டியிருந்தது. மீன்தொட்டி வேலையில் நீண்ட அனுபவம் உள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவின் சம்மதத்துடன் அங்கு சென்றோம். அன்று கற்றுக்கொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். கொழும்பில் வீட்டு வேலை செய்யும் எமது சகோதரிகள் பலருக்கு இன்று மீன்தொட்டியைப் பராமரிப்பதும் சொல்லப்படாத ஒரு வேலையாகிவிட்டது.

முருகை கல் அல்ல

நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய வேலிகளைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் கல் என்றே தோன்றும். உண்மையில் அது சின்னஞ்சிறு கடல் உயிரினங்கள் கட்டிய வீடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து முருகைக்குக் கொடுப்பது அந்தப் பாசிதான். முருகையின் நிறத்தில் பெரும்பங்கும் அதனுடையதே. சூடு, உப்பு, வெளிச்சம், அழுக்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அளவு மீறினால் முருகை அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்போதுதான் அது வெளுக்கிறது.

வெளுத்த முருகை செத்த முருகை அல்ல. அது பட்டினி கிடக்கிறது. காரணம் விரைவில் நீங்கினால் பாசி மீண்டும் குடியேறும், நிறமும் திரும்பும். நாட்கள் போனால்தான் இறப்பு. ஆகவே வெளுத்ததைக் கண்டவுடன் பிடுங்கி எறிய வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு

முதலாவது, தண்ணீரின் சூடு. தொட்டி முருகைகளுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை நல்லது. கொழும்பின் வெக்கையோடு விளக்கின் சூடும் பம்மின் சூடும் சேர்ந்தால் தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிடும். அன்று எமது வெப்பமானி 28 காட்டியது. சற்று அதிகம்தான், ஆனால் இவ்வளவு பாதிப்புக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது, உப்பு. கடல்நீரில் ஏறக்குறைய லீற்றருக்கு 35 கிராம் உப்பு உண்டு. உப்பு அளக்கும் கருவியில் அதன் அடர்த்தி 1.025 அல்லது 1.026 எனக் காட்ட வேண்டும். இந்தத் தொட்டியில் 1.031 காட்டியது.

"தண்ணி குறைஞ்சால் என்ன ஊத்துறனீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"கடல் சாமான்தானே மிஸ். அந்தப் பக்கற் உப்பைக் கலந்துதான் ஊத்தினன்."

காரணம் அங்கேதான் இருந்தது. தொட்டியில் இருந்து ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே நிற்கிறது. குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். ஏறக்குறைய 200 லீற்றர் கொண்ட அந்தத் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லீற்றர் வரை வற்றும். மூன்று வாரங்களாக அவர் அந்த இடத்தை உப்புத்தண்ணீரால் நிரப்பியிருக்கிறார். இதைச் சொன்னவுடன் அவர் தலையில் கைவைத்தார்.

"உப்பளத்தில நடக்கிறதுதானே மிஸ்! எங்கட ஊரில சின்னனில பார்த்தனான். எனக்கு இது ஓடேல்லையே!"

முன்பு தொட்டியைப் பார்த்துவந்தவர் அந்த வீட்டு மகன். அவர் படிப்புக்காக வெளிநாடு சென்றபோது "தண்ணி குறைந்தால் ஊற்றுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்தத் தண்ணீர், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலையைக் கொடுப்பவர்கள் விளக்கத்தைக் கொடுப்பதில்லை. பிழை வரும்போது மட்டும் வேலை செய்த பெண்ணின் பெயர் ஞாபகத்துக்கு வருகிறது.

ஏனைய காரணங்கள்

உப்பும் சூடும் சரியாக இருந்தும் முருகை வாடினால் பின்வருவனவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீர்: இதில் குளோரின் உண்டு. பழைய குழாய்களில் இருந்து செப்பும் கலக்கலாம். செப்பு மிகச் சிறிதளவே முருகையைக் கொன்றுவிடும். மீன்களின் நோய்க்கு விற்கப்படும் மருந்துகள் சிலவற்றிலும் செப்பு இருக்கிறது. முருகை உள்ள தொட்டியில் அவற்றை விடக்கூடாது. நன்கு வடிகட்டிச் சுத்திகரித்த நீரே ஏற்றது.

மிஞ்சிய தீன்: மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மிஞ்சியது அழுகி நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் கூடும். கண்ணாடியில் பாசி படர்வதும் முருகை மண்ணிறமாவதும் அதன் அடையாளங்கள்.

வெளிச்சம்: புதிய விளக்குப் போட்டவுடன் வெளுத்தால் வெளிச்சம் கூடிவிட்டது. விளக்கை உயர்த்தி, நேரத்தைக் குறைத்து, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

நீரோட்டம்: தண்ணீர் அசையாத மூலையில் முருகையின் மேல் அழுக்குப் படியும்.

அயல்: சில முருகைகள் இரவில் நீண்ட கொடுக்குகளை நீட்டிப் பக்கத்தில் உள்ளதைக் கொட்டும். சில மீன்கள் முருகையைக் கொத்தித் தின்னும். ஒரு பக்கம் மட்டும் பழுதானால் இதைச் சந்தேகியுங்கள்.

வீட்டுப் பாவனைப் பொருட்கள்: நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரே, தரை கழுவும் மருந்து, கையில் உள்ள சவர்க்காரம், தேங்காயெண்ணெய் எல்லாம் தொட்டிக்குக் கேடு. டெங்குப் புகை அடிக்கும் நாளில் யன்னலை மூடி, தொட்டியையும் மூடி, காற்று பம்மைச் சற்று நேரம் நிறுத்துங்கள்.

கல்போல வளரும் வகைகளுக்கு இவற்றுடன் கல்சியமும் காரத்தன்மையும் வேண்டும். கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. ஒன்றை மாற்றி, ஒரு வாரம் பார்த்து, பிறகே அடுத்தது. பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது.

கரண்ட் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். பம் நின்றால் முதலில் குறைவது தண்ணீரில் உள்ள காற்று. பற்றரியில் இயங்கும் காற்று பம் இல்லாவிட்டால் சுத்தமான ஜக் ஒன்றால் தொட்டித் தண்ணீரையே அள்ளி, சிறிது உயரத்தில் இருந்து மெதுவாக ஊற்றுங்கள். அந்த நேரத்தில் தீன் போட வேண்டாம்.

உங்கள் உடலைக் காத்துக்கொள்ளுங்கள்

தொட்டிக்குள் கைவிடும் முன் மின்சாரத் தொடர்புகளைக் கழற்றுங்கள். பொத்தான்களை அடுக்கிவைத்தாற்போல வளரும் ஒருவகை முருகையில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். அதைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவோ சுடுநீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து நோயுற்றவர்கள் உலகில் பலர். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, எதைத் தொட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "இதைக் கையுறை இல்லாமல் செய்ய மாட்டேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்வது உங்கள் உரிமை.

பெரிய தொட்டி

தொட்டியில் நடப்பதுதான் கடலிலும் நடக்கிறது. கோடைகாலத்து வழமையான சூட்டைவிட ஒரு பாகை கூடி, சில வாரங்கள் நின்றாலே முருகை வெளுக்கத் தொடங்கும். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் ஆழம் குறைந்த இடங்களில் இருந்த முருகைகளில் பெரும்பகுதி அழிந்தது. கற்பிட்டிக் கடலில் ஓரளவு மீண்டு வளர்ந்தவை 2016இல் மறுபடியும் வெளுத்தன. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்கிறது என 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

முருகைப்பாறை மீன்களின் தாய்வீடு மட்டுமல்ல, கரைக்கு வேலியுமாகும். சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் அகழப்பட்ட தென்மேற்குக் கரைப் பகுதிகளில் 2004 சுனாமி அலை கூடுதலாக உள்ளே வந்தது என்று ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வது, சேகரிப்பது, வைத்திருப்பது, எரிப்பது, கொண்டுசெல்வது எல்லாம் குற்றம். ஆகவே எவராவது "கடலில் இருந்து ஒரு துண்டு எடுத்துவா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பிடிபடுவது கேட்டவராக இருக்காது, கொண்டுவந்தவராகவே இருக்கும். அந்த வீட்டில் இருந்தவை கல்லெலும்பு இல்லாத மென்மையான வகைகள். வெளிநாட்டில் இருந்து பத்திரத்துடன் வந்தவை என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்.

முடிவு என்ன?

நாளாந்தம் தொட்டித் தண்ணீரில் சிறிதளவு எடுத்து, அதற்குப் பதிலாக உப்பில்லாத சுத்தமான நீர் விட்டு, பத்து நாட்களில் உப்பை 1.025க்குக் கொண்டுவந்தோம். ஒரேயடியாகக் குறைத்திருந்தால் மிஞ்சியவையும் செத்திருக்கும். ஐந்தில் இரண்டு இறந்துவிட்டன. மற்ற மூன்றும் ஆறேழு கிழமைகளில் மெல்ல விரிந்து நிறம் பிடித்தன.

சம்பளம் கழிக்கப்படவில்லை. காரணம் தெரிந்தபின் வீட்டுக்கார அம்மா, "நாங்கள் சொல்லித் தந்திருக்கவேணும்" என்று ஒத்துக்கொண்டார். தொட்டிக்கு அருகில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. சூடு, உப்பு, ஊற்றிய தண்ணீர், போட்ட தீன் என எல்லாவற்றையும் அந்தத் தாய் தன் கையால் திகதியிட்டு எழுதுகிறார். தொட்டி வேலைக்கெனத் தனியாக ஒரு தொகையும் கேட்டுப் பெற்றிருக்கிறார்.

சென்ற மாதம் சந்தித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சின்ன வயசில புறாத்தீவுப் பக்கம் முருகையில ஏறி நிண்டுதான் விளையாடினனாங்கள் மிஸ். அதுக்கு உயிர் இருக்கெண்டு இப்பதான் தெரியும். ஊருக்குப் போனால் என்ர பேரப்பிள்ளையளை அதில மிதிக்க விடமாட்டன்."

சகோதரிகளே, உங்கள் கையில் ஒரு பொருளை ஒப்படைக்கும்போது எப்படி, ஏன் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஏதேனும் பழுதானால் பயந்து பழியை ஏற்றுக்கொள்ளாமல், காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் திருத்தவும் முடியும்.